பூட்டில்லாத பெற்றோல் மூடி

மகளும் மருமகனும் பிள்ளையோடு விடுமுறைக்குக் கண்டிக்கு வந்திருந்தார்கள். மழை விடாமல் பெய்த ஒரு பகல். வீட்டுக்குள் அடைந்து கிடந்த மருமகன், பொழுது போகாமல் அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறி, பழைய சேலைகளுக்கு அடியில் நான் செருகி வைத்திருந்த ஒரு படத்தைக் கண்டெடுத்துவிட்டார். கறுப்பு வெள்ளைப் படம். காலமாகிவிட்ட என் கணவர் ஒரு பழைய ரேஸ் காருக்குப் பக்கத்தில், அதன் சில்லின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சிறுத்தை சுட்ட துரை மாதிரி நிற்கிறார்.

மருமகனுக்குக் கார் என்றால் உயிர். படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாமி, இது மாமாட காரா? இதை வித்துப்போட்டா அவர் வேன் ஓடித் திரிஞ்சவர்?”

“ஆமா.”

“ஏன் மாமி?”

“வேன் டீசல்ல ஓடும்,” என்றேன். அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முடியவில்லை. அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் ஒப்பிட ஆரம்பித்துவிட்டார். அவர்கள் வாழும் குளிர்தேசத்தில் அவர்களிடம் இருப்பதும் வேன்தான். ஒருமுறை போயிருந்தபோது அதில் ஏறியிருக்கிறேன். கதவு தானாக வழுக்கித் திறக்கும். பின்னால் எடுத்தால் முன்னால் ஒரு சின்னத் திரையில் பின்பக்கம் தெரியும். பெல்ட் போடாவிட்டால் கத்தும், பக்கத்தில் வேறு வண்டி வந்தால் கத்தும், கதவு சரியாகச் சாத்தாவிட்டாலும் கத்தும். எனக்கு அதை மிகவும் பிடித்துப்போயிற்று. என்னைப்போலவே பயந்த சுபாவம்.

மருமகனுக்கு அந்த வேன் வெட்கம். பிள்ளை பிறந்ததால் வாங்கியதாம். “அதில ஓடேக்க ஓடுற மாதிரியே இல்லை மாமி. வீட்டு ஹோலுக்குச் சில்லுப் பூட்டின மாதிரி. இதைப் பாருங்கோ, இதெல்லோ கார்” என்று படத்தைத் தட்டினார். என் மகள் சிரித்தாள். “நான் இதுல போயிருக்கேன் தெரியுமா?” என்றாள். நான் எழுந்து போய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அணைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

நான் எப்போதும் இப்படித்தான். அடுப்பை மூன்று தடவை பார்ப்பேன், கதவை நான்கு தடவை இழுத்துப் பார்ப்பேன். என் கணவர் யாழ்ப்பாணத்து மனிதர், அரசாங்க நீர்ப்பாசன இஞ்சினியர். நான் கண்டி டவுனில் பிறந்தவள். என் தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த குடும்பம், அப்பா மாநகர சபையில் கிளாக்கர். கல்யாணம் பேசியபோது இரண்டு வீட்டிலும் முகம் கோணினார்கள். நாங்கள் கோணவில்லை. நான் பேசுவதை அவர் கிண்டல் பண்ணுவார், அவர் பேசுவதை நான். சிங்களம் எனக்குத் தமிழைப் போலவே வரும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்றது. அவர் அரசாங்கச் சோதனை எழுதிச் சிங்களம் பாஸ் பண்ணியவர். தாளில் பிழையே இருக்காது. ஆனால் வாயைத் திறந்தால் போதும், யாழ்ப்பாணம் வந்து இறங்கிவிடும்.

அந்தக் காரை அவர் பன்விலப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் உர ஸ்டோரிலிருந்து கொண்டுவந்தார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போய்விட்டார். கப்பலில் ஏற்ற முடியாத அந்தக் கார் உர மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. தண்ணீர்த் திட்டம் ஒன்றைப் பார்க்கப் போன மனிதர் காரைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை கிடையாது. அதன்மேல் எஞ்சினின் பாகங்கள் இருந்தன.

யுத்தத்துக்கு முந்திய கார். உலக யுத்தத்தைச் சொல்கிறேன், எங்களுடையதை அல்ல. பச்சை நிறம். இரண்டு பேர் இருக்கலாம். கதவு கிடையாது, கூரை கிடையாது, ஜன்னல் கிடையாது. பொனட்டைத் தோல் வாரால் கட்டியிருக்கும். கை பிரேக் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் பெரிய பெற்றோல் டாங்க். அதன் மூடிக்குப் பூட்டோ திருகோ இல்லை. ஒரு சின்ன நெம்பைத் தட்டினால் டக்கென்று திறக்கும். போட்டியின் நடுவே சீக்கிரமாகப் பெற்றோல் நிரப்பிக்கொள்ள அப்படிச் செய்ததாம். “யாராவது திறந்து மண்ணைப் போட்டா?” என்று நான் கேட்டேன். “உம்மைத் தவிர வேற ஒருத்தருக்கும் அந்த யோசனை வராது” என்றார். அதன் சத்தம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்தால் மகாய்யாவில் வீட்டிலிருக்கும் எனக்குக் கேட்கும். கேட்டதும் உலை வைப்பேன்.

நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் நடக்கும் மலையேற்றக் கார்ப் போட்டியில் இரண்டு முறை ஓடினார். முதல் முறை கடைசிக்கு முதல். இரண்டாம் முறை பாதி வழியில் நின்றுவிட்டது. சூடாகிவிட்டால் அந்தக் காரின் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். மலையில் யார் தள்ளுவது? இறங்கி, தலைக்கவசத்தோடு, காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நான் அந்தக் காரில் ஏறுவதில்லை என்று பிள்ளையாருக்கு முன்னால் சொல்லியிருந்தேன். அது ஒரு பொருத்தம் என்று அவர் சொல்வார்: காருக்கும் என்னைப் பிடிக்காதாம்.

மகள் பிறந்து இரண்டு வயதில் அவளுக்கு இழுப்பு வந்தது. தூசி பட்டால், பனி பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, கூரையில்லாத காரில் கேட்கவே வேண்டாம். இரண்டு வருஷம் நான் அவரை நச்சரித்துத்தான் அந்த வேனை வாங்க வைத்தேன். ஜப்பானில் ஓடி வந்த வேன், வெள்ளை நிறம். பக்கக் கதவு வழுக்கித் திறக்கும். எட்டுப் பேர் இருக்கலாம், ஜன்னலுக்குத் திரைச்சீலை உண்டு, பிள்ளையைப் படுக்கப் போடலாம். திறப்பைத் திருப்பினால் கிளம்பும், குளிரிலும் சூட்டிலும். டீசல் மூடிக்குப் பூட்டு, அதற்குத் தனியாக ஒரு திறப்பு. அந்தச் சின்னத் திறப்பை என் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நான் கோயிலுக்குப் போனதை அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

புது வண்டி வாங்கினால் நம் ஆட்கள் செய்வதையெல்லாம் செய்தேன். கோயிலுக்கு முன்னால் நிறுத்தி, ஐயர் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்தோம். அது எனக்குப் போதவில்லை. பெயர்ப்பலகை எழுதும் ஒருவரைக் கூப்பிட்டு, முன்கண்ணாடியின் மேல் பாதியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும், சிவப்பு எனாமல் பெயின்ரில், மஞ்சள் கரை கட்டி, ‘முருகன் துணை’ என்று எழுதுவித்தேன். தூரத்திலிருந்தே வாசிக்கலாம். என் கணவர் சுற்றிவந்து பார்த்தார்.

“முருகன் துணை இருக்கிறார் எண்டா பிரேக்கை எதுக்குப் பூட்டினவங்கள்?” என்றார்.

அன்றிரவு வேன் வாங்கிய பிறகு முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம், ஆண்டின் தொடக்கம். யூலையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தமிழர் வீடுகளையும் கடைகளையும் கொளுத்துவது கொழும்பில் தொடங்கி நம் பக்கம் வந்தது. அந்த வாரம் மகள் எங்களோடு இல்லை. பன்விலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் என் அக்காவின் கணவர் பெரிய கிளாக்கர். அக்காவின் பிள்ளைகளோடு விளையாட என்று ஒரு வாரத்துக்கு விட்டுவிட்டு வந்திருந்தோம். அவளுக்கு ஐந்து வயது.

காலையில் தோட்டத்துத் தொழிற்சாலையிலிருந்து அக்கா டெலிபோன் எடுத்தாள். “புள்ளைய வந்து கூட்டிட்டுப் போயிரு. இருட்டுறதுக்குள்ள நாங்க காட்டுக்குள்ள போறோம். லயத்து ஆளுங்களும் வராங்க. இவளுக்கு நேத்தே இழுப்பு ஆரம்பிச்சிருச்சு. பனியில வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?” என்றாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சிங்கள அம்மா இருந்தார். முதல் நாளே எங்களுக்காக உள்ளறை ஒன்றைக் காலிசெய்து வைத்திருந்தார். பிள்ளையைக் கொண்டுவந்து அந்த அறைக்குள் சேர்த்துவிட்டால் மருந்துக்கும் ஆள் உண்டு, மறைவுக்கும் இடம் உண்டு. பின்னேரம் ஊரடங்கு என்று ரேடியோ சொன்னது. போய்வர எங்களுக்கு நான்கு மணி நேரம் இருந்தது.

நான் வேனிடம் ஓடினேன். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். முருகன் துணை. நான் காசு கொடுத்து, அளவு சொல்லி, இன்னும் பெரிதாக, இன்னும் பெரிதாக என்று எழுதுவித்த எழுத்து. அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்ட முடியாது. சவர பிளேட்டை எடுத்துவந்து சுரண்டினேன். நல்ல பெயின்ர். கால் மணி நேரத்தில் ‘மு’ மட்டும் போனது, அதுவும் முழுதாக இல்லை. விரலில் வெட்டி இரத்தம் வந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வந்து பிளேட்டை வாங்கிக்கொண்டார். “விடும். மற்றதில போவம்” என்றார்.

“அதுக்குக் கூரை கூட இல்லையே. எல்லாரும் நம்ம மூஞ்சியப் பாப்பாங்க.”

“பார்க்க மாட்டினம். இந்த வேனில போனா உள்ளுக்க ஆர் இருக்கினம், எங்க ஓடினம் எண்டு திரையை விலக்கிப் பார்ப்பினம். அதில போனா காரைத்தான் பார்ப்பினம். உயிருக்குப் பயந்து ஓடுறவன் ஆராவது இப்பிடிச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுவானா?”

அவர் தோல் தொப்பியையும் கண்ணை மூடும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டார். நான் பொட்டை அழித்தேன். தாலியைக் கழற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தேன். வீட்டில் போடும் கவுனுக்கு மேலே அவருடைய மழைக்கோட்டைப் போட்டு, தலையில் ஸ்கார்ஃப் கட்டினேன். “வழியில ஆர் மறிச்சாலும் நீர்தான் கதைக்க வேணும். நான் வாய் திறக்க மாட்டன்” என்றார். சரி என்றேன். பிள்ளையாருக்குச் சொன்ன சொல்லை மீறி அதில் ஏறி உட்கார்ந்தேன்.

அவர் சொன்னது சரிதான். பாலத்தில் நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது, பார்த்துச் சிரித்தது, வழிவிட்டது. ஒருவன் கையைச் சுழற்றி இன்னும் வேகமாகப் போ என்று காட்டினான். எங்களுக்கு முன்னால் போன ஒரு வேனை ஓரங்கட்டி, கதவை இழுத்துத் திறந்து, உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே யார் இருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. மடவளையில் கடைகள் மூடியிருந்தன. எங்களைத் தெரிந்த முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் மட்டும் பள்ளிவாசல் சந்தியில் நின்று, நிற்காமல் போங்கள் என்று கையால் தள்ளினார். இவ்வளவு நாளும் அந்தக் காரில் எனக்கிருந்த பயம் வளைவும் பள்ளமும் பிரேக்கும்தான். அன்று ஒரு வளைவைக்கூட நான் கவனிக்கவில்லை. மனிதர்களை மட்டும் எண்ணிக்கொண்டு போனேன்.

வத்துகாமத்துக் கடைவீதியில் ஒரு புடவைக்கடை இருந்தது. தமிழர் கடை. மகளுக்கு நேர்சரி சட்டைக்குத் துணி அங்கேதான் எடுப்போம், முதலாளி அவளுக்கு ரிப்பன் துண்டு ஒன்று சும்மா தருவார். பலகைக் கதவு போட்டிருந்தது. ஒரு பலகை மட்டும் விலகியிருக்க, அந்த இடுக்கில் அவர் நின்றார். நாங்கள் கடந்துபோனோம்.

அக்கா வீட்டு வாசலில் பிள்ளை ஓடிவந்தாள். நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. அந்தக் காரில் ஏற வேண்டும் என்று அவள் அழாத நாள் இல்லை. “அப்பா, ரேசா?” என்றாள். “ஓம் குஞ்சு, ரேஸ்தான். வழியில கதைக்கக் கூடாது, கதைச்சாத் தோத்துப்போவம்” என்றார். அக்கா போர்வைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. அதற்கு இருவருக்கும் தைரியம் இல்லை.

இறங்கும் வழியில், வத்துகாமத்துக்கு மேலே, மதகடி வளைவில் ஒரு மரக்கட்டை ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. பதினைந்து இருபது பேர். தடிகள் இருந்தன, ஒரு இரும்புக் கம்பி இருந்தது, ஒருவன் கையில் வெள்ளை நிறத்தில் ஒரு வெறும் கான் இருந்தது. கார் நின்றது, நின்றதும் எஞ்சினும் நின்றுவிட்டது. அவ்வளவு நேரமும் அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்திருந்தோம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மடியில் பிள்ளையின் இழுப்புச் சத்தம் ஊருக்கே கேட்டது.

அவர்கள் காரைச் சுற்றி வந்தார்கள். “சுத்தாகே கார் எக்க” என்று ஒருவன் மற்றவனுக்குச் சொன்னான். வெள்ளைக்காரனின் கார். அந்தத் துரை காலத்திலிருந்தே அந்த மலைக்கெல்லாம் அதைத் தெரியும், இப்போது யாரோ பெரிய மாத்தயா வைத்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். நீலச்சட்டைக்காரன் ஒருவன் என் பக்கம் வந்து, மிகவும் மரியாதையாக, சிங்களத்தில் கேட்டான். “நோனா, கொஞ்சம் பெற்றோல் தருவீர்களா? பெற்றோல் செட் எல்லாம் மூடிவிட்டார்கள். எங்கேயும் கிடைக்கவில்லை.”

எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். என் கணவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முழங்கை என் விலாவில் பட்டுக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். “எடுத்துக்கொள் மல்லி, எடு” என்றேன், சிங்களத்தில், தம்பியிடம் சொல்வது மாதிரி.

அவனுக்குத் திறப்புத் தேவைப்படவில்லை. பின்னால் போய் நெம்பைத் தட்டினான், டக்கென்று திறந்தது. குழாயை விட்டு வாயால் உறிஞ்சி, துப்பி, கானுக்குள் விட்டான். இரண்டு கலன் கான். அது நிரம்பும் சத்தத்தை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குப் பொறுமை இல்லை, தலையைத் தூக்கி என்னவோ கேட்க வாயைத் திறந்தாள். அவள் பேசினால் தமிழ்தான் வரும். அந்த நேரம் பார்த்து, வயதான ஒருவன் சாரத்து மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். நான் அதைப் பறித்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். கடித்தாள். பிள்ளை நல்ல பசியில் இருக்கிறது என்று அவன் சொன்னான். ஆமாம் என்றேன்.

கான் நிரம்பியது. நீலச்சட்டைக்காரன் மூடியைக் கவனமாகச் சாத்திவிட்டு, காரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். கட்டையை நகர்த்தினார்கள். என் கணவர் ஸ்டார்ட்டரை அமுக்கினார், வேலை செய்யவில்லை. மறுபடி அமுக்கினார். நான் திரும்பிப் பார்த்து இன்னும் ஒரு முறை சிரித்தேன். அவ்வளவுதான், தடிகளைக் கீழே போட்டுவிட்டு எல்லோருமாக வந்து தள்ளினார்கள். ஹோய் ஹோய் என்று சத்தம் போட்டுத் தள்ளினார்கள். கார் கிளம்பியதும் கைதட்டினார்கள். பிள்ளை கொய்யாப்பழக் கையை ஆட்டினாள்.

வத்துகாமத்தில் அந்த முதலாளி இன்னும் பலகை இடுக்கில் நின்றார். என் கணவர் வேகத்தைக் குறைத்தார்.

“சொல்லிப்போட்டுப் போவமா?”

“நிறுத்தாதீங்க” என்றேன்.

வேன் என்றால் நிறுத்தியிருக்கலாம். திறப்பைத் திருப்பினால் கிளம்பியிருக்கும். இது நின்றால் தள்ள வேண்டும், அங்கே தள்ளுவதற்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளை மடியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் நான் அப்போது யோசித்தேனா, பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அவர் நிறுத்தவில்லை.

ஊரடங்குக்கு முன்பே மிஸ்ஸியின் உள்ளறைக்குள் வந்துவிட்டோம். அவர் பிள்ளைக்கு மருந்து கொடுத்து முதுகை நீவிவிட்டார். எட்டு நாள் அந்த அறையில் இருந்தோம். அக்காவும் குடும்பமும் காட்டில் மூன்று இரவு இருந்துவிட்டு உயிரோடு வந்தார்கள். எங்கள் வீட்டில் கண்ணாடிகளை உடைத்திருந்தார்கள், வேனை யாரும் தொடவில்லை. ‘மு’ போன இடத்தைப் பார்த்துவிட்டு நான் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து அக்காவைப் பார்க்கப் போகும் வழியில் வத்துகாமத்தில் இறங்கினோம். புடவைக்கடை கரிச்சுவராக நின்றது. அதற்கு முன்னால் மேசை போட்டு முதலாளி துணி விற்றுக்கொண்டிருந்தார். நல்லவேளை, குடும்பத்தோடு பின்பக்கத்தால் ஓடித் தப்பியிருந்தார். மகளைக் கண்டதும் ரிப்பன் தேடினார்.

“அன்னைக்கு நீங்க காரில போறத நான் பாத்தேங்க. புள்ளையோட தப்பிச்சுப் போறாங்களேன்னு அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு” என்றார். பிறகு துணியை அளந்துகொண்டே சொன்னார். “காலையில வந்தப்ப வெறுங்கையோடதான் வந்தாங்க. பெற்றோல் கிடைக்கலைன்னு சும்மா கல்லடிச்சிட்டுப் போயிட்டாங்க. அத்தோட தப்பிச்சோம்னு நெனச்சேன். அப்புறம் எங்கயோ கிடைச்சிருக்கு.”

என் கணவர் எழுந்து போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். நான் துணியை வாங்கிக்கொண்டு வந்தேன். தெல்தெனியப் பக்கம் திரும்பி வெகுதூரம் போய்விட்டோம். அக்கா வீட்டுக்குப் போகும் வழி அது இல்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து லொறி கொண்டுவந்து யாரோ காரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் வாசலுக்குக்கூட வரவில்லை. அதற்குப் பிறகு அவர் பெற்றோல் வண்டி எதையும் தொட்டதில்லை. யுத்தம் நடந்த அத்தனை வருஷமும் அந்த வேன்தான். எத்தனை செக்பொயின்ட்டில் இறங்கி, கதவைத் திறந்து, பையைக் கொட்டிக் காட்டியிருப்போம். எழுத்தை முழுதாகச் சுரண்டிய பிறகும் வெயில் சாய்வாக விழுந்தால் கண்ணாடியில் கீறல்கள் தெரியும். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் அவர் இறங்கிப்போய் டீசல் மூடியின் பூட்டை இழுத்துப் பார்ப்பார். என் வியாதி அவருக்கும் தொற்றிவிட்டது. அதற்காக நான் அவரை ஒருபோதும் கிண்டல் பண்ணவில்லை.

அந்த வளைவைப் பற்றி நாங்கள் எங்களுக்குள்ளும் பேசியதில்லை. அவர் போன பிறகு அதை அறிந்தவள் நான் ஒருத்திதான் என்று இருந்தேன்.

மழை இன்னும் விடவில்லை. மகள் மருமகனின் தோளில் சாய்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சின்ன வயசுல நடந்ததுல இதுதான் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அம்மா மடியில நான். பெரிய ரேஸ். வழியில ஒரு கட்டை போட்டிருந்தாங்க, அங்க நிறையப் பேர் வந்து எங்க காரைத் தள்ளிவிட்டாங்க. கை எல்லாம் தட்டினாங்க. ஒரு தாத்தா எனக்குக் கொய்யாப்பழம் குடுத்தார். அம்மா அவங்களோட எவ்வளவு சந்தோசமாச் சிரிச்சுப் பேசினாங்க தெரியுமா? அம்மா அப்படிச் சிரிச்சு நான் பிறகு பார்த்ததே இல்ல.”

“அவைக்கு ஏதும் குடுத்தனீங்களா மாமி, தள்ளினதுக்கு?” என்று மருமகன் விளையாட்டாகக் கேட்டார்.

“பெற்றோல் கேட்டாங்க. குடுத்தேன்,” என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

“எவ்வளவு?”

“ரெண்டு கலன்.”

“ரோட்டில நிண்டவைக்குச் சும்மா ரெண்டு கலனோ? மாமி, நீங்கள் சரியான நல்ல ஆள்,” என்று அவர் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. படத்தை மேசையில் குப்புற வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

“அம்மா, அது எந்த வருஷம்?”

எழுந்து போய் அடுப்பைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்தபடியே வருஷத்தைச் சொன்னேன்.